காட்டேரிக்கு நான் போட்ட தாழ்ப்பாள்

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் இருந்த எனக்கு அதனால் வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. அந்தத் திமிரை வேலை வாங்கியவள் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. தினமும் சாயந்திரம் அவளுக்கு நான் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். வேதப் புத்தகம் இல்லை, காட்டேரிக் கதை.

எங்கள் தெருவுக்குப் பின்னால், ஏதோ ஒரு துரை காலி செய்துவிட்டுப் போன பங்களா இருந்தது. ஆம்பூர் தோல் ஷாப்பு ஒன்று அதைப் பிடித்து ஆவாரம் பட்டை போட்டுவைக்கும் கிடங்காக்கியிருந்தது. தோல் பதப்படுத்தத் தேவையான பட்டையைக் கீழ்த்தளத்தில் பெண்கள் உலக்கை போட்டு இடிப்பார்கள். அத்தையும் அவர்களில் ஒருத்தி. மாடியில் செத்துப்போன துரைசாணி வெள்ளைக் கவுனோடு உலாவுகிறாள் என்று ஊரே சொல்லும். ஆறு மணிச் சங்கு ஊதினால் ஒரு ஈ காக்கைகூட அங்கே இருக்காது.

சனிக்கிழமைதோறும் அந்தப் பங்களாப் படிக்கட்டில் லுங்கிக்காரர் வந்து உட்காருவார். குடியாத்தத்து நெசவுக்காரக் குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் தறியில் நெய்த லுங்கியும் துண்டும் மூட்டையின் மேலே இருக்கும். ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் பழையதாக வாங்கிய நாவல்கள் அடியில் இருக்கும். அத்தை ஒருநாள் துண்டு வாங்கப் போய்ப் புத்தகத்தோடு திரும்பினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் துண்டுக்குப் பஞ்சமே வரவில்லை. முகம் துடைக்க ஆள் போதாமல் கொடியில் தொங்கின.

'காட்டேரி மணவாளன் அல்லது பாழ் பங்களா மர்மம்' என்பது புத்தகத்தின் பெயர். மொத்தம் நாலு பாகம். பாழ் பங்களாவில் ஒரு காட்டேரி. ஊரார் ரத்தத்தையெல்லாம் குடிப்பவன், ஜமீன்தார் மகளைக் கண்டால் மட்டும் பெருமூச்சு விடுவான். அவள் வாசலுக்கு வந்து மூன்று முறை தட்டுவான். உள்ளே வர அவனால் முடியாது, சாபம். அவளாகத்தான் தாழ்ப்பாளைத் திறந்து படி தாண்டி வரவேண்டும். மூன்று பாகம் முழுக்க அவன் தட்டினான், அவள் அழுதாள்.

எனக்குத் தெரிந்தது ஒரே ராகம், பள்ளிக்கூடத்தில் வேதபாடம் வாசிக்கிற ராகம். காட்டேரி கழுத்தைக் கடித்ததையும் அதே ராகத்தில் இழுத்து வாசித்தேன். அடுப்பங்கரையில் அம்மா, "நல்லா படிக்குது பொண்ணு" என்று உருகிப்போய்ப் புகையை ஊதிக்கொண்டிருப்பாள்.

நாலாம் பாகம் வருவதற்குள் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அணைக்கட்டுப் பக்கம் நிலம் நீச்சு உள்ளவர், எங்கள் சபையைச் சேர்ந்தவர். மனைவி இறந்துவிட்டாள், இரண்டு குழந்தைகள். அத்தைக்கு அன்று முதல் இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைப்பாள், எழுந்து வாசலுக்குப் போவாள். பின்னிய தலையை அவிழ்த்து மறுபடியும் பின்னுவாள். பாயில் என்னைத் தூங்கவிடாமல் புரளுவாள்.

"இன்னா அத்தே, எறும்பு கடிக்குதா?" என்றால், "மூடிக்கினு படுடி" என்பாள்.

அந்த நாட்களில் நடந்தது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அத்தையைத் தன்னோடு வந்துவிடச் சொல்லியிருக்கிறார் லுங்கிக்காரர். எங்கள் வீட்டைப்போல அவர் வீட்டிலும் சாதி, மதம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை கிடைத்திருக்கிறது, அங்கே போய்விடலாம் என்றாராம். அத்தைக்குச் சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் மனசு வரவில்லை. இடிக்கிற பெண்கள் நடுவில் நின்று எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? அவர் நாலாம் பாகத்தை அவள் கையில் கொடுத்து, "கடைசியில அந்தப் பொண்ணு இன்னா பண்றாளோ, அதையே நீயும் பண்ணு. சனிக்கிழமை படிக்கட்டுல இருப்பேன்" என்றிருக்கிறார். முடிவு தெரிந்த மனுஷன். அதைப் படிக்கப்போகிறவள் நான் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். அத்தை என் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தாள். காட்டேரி மூன்றாம் முறை தட்டினான். என் கண் எப்போதும் வாயை முந்திக்கொண்டு ஓடும். 'அவள் தாழ்ப்பாளில் கை வைத்து...' என்ற வரியை அது முன்னாலேயே பார்த்துவிட்டது. அப்புறம் இரண்டு பக்கம் இருந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் ஆட்டம் கண்ட தாழ்ப்பாள். அதை ஒட்டிப் படுப்பவள் அத்தை. பின்னாலேயே பங்களா. ஜமீன்தார் மகள் திறந்தால் அத்தையும் ஒருநாள் திறந்துவிடுவாள், அப்புறம் பாயில் நான் ஒண்டியாகத்தான் கிடக்கவேண்டும் என்று தோன்றியது. ராகம் துளியும் பிசகாமல், புத்தகத்தில் இல்லாததை வாசித்தேன்:

"அவள் தாழ்ப்பாளை இன்னும் இறுக்கிப் போட்டாள். காட்டேரியும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் புகையாய்ப் போனான். ஜமீன்தார் மகள் தகப்பன் சொன்ன மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு சுகமாய் வாழ்ந்தாள். சுபம்."

பட்டென்று புத்தகத்தை மூடினேன். அத்தை மூடிய அட்டையையே பார்த்தாள்.

"அப்படியா போட்டிருக்குது? நல்லா பாத்து சொல்லுடி."

"சத்தியமா அத்தே."

"திறக்கவே இல்லியா?"

"இல்லவே இல்ல."

"சரி" என்றாள். எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். அன்றைக்குப் புரளவே இல்லை. பேயை ஒழித்துக்கட்டிய நிம்மதியில் நானும் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "அவர்கிட்ட குடுத்துட்டு வா. ஒண்ணும் பேசாதே" என்றாள்.

லுங்கிக்காரர் படிக்கட்டில் இருந்தார். வெள்ளை வேட்டி, படிய வாரிய தலை. பக்கத்தில் லுங்கி மூட்டை இல்லை, ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெட்டியின் மேல் வாழையிலைப் பொட்டலம். அவர் என் தலைக்கு மேலாகத் தெருமுனையையே பார்த்தார்.

"அத்தை வர்றாங்களா, பாப்பா?"

"வரமாட்டாங்க."

"கடைசி வரைக்கும் படிச்சாங்களா?"

"நான்தான் படிச்சேன். கடைசி வரைக்கும்." பேசாதே என்று அத்தை சொன்னது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அவர் புத்தகத்தை வாங்கினார். ஒரு பக்கம்கூடத் திறக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். பொட்டலத்தையும் கொடுத்தார். பிரித்தால் மல்லிகை, இரண்டு முழம் இருக்கும். "நீயே வச்சிக்க." சங்கு ஊதியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

நான் பூவைத் தலை நிறைய வைத்துக்கொண்டு குதித்துக்கொண்டு வந்தேன். அத்தை வாசலில் நின்றிருந்தாள். பூவைப் பார்த்தாள். கிட்டே இழுத்து என் தலையில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். பூ கசங்குதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த மாதம் கல்யாணம். அணைக்கட்டுக்காரர் நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தைகள் பலகையில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து அத்தையும் எழுத்துக் கற்றுக்கொண்டாள். நான் வாத்தியாரம்மா ஆகி முதல் விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனபோது, பெட்டியிலிருந்து நாலாம் பாகத்தை எடுத்து வந்தாள்.

"கடைசி ரெண்டு பக்கம் நீ படிக்கவே இல்லடி" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "இப்ப படி."

படித்தேன். "அவள் தாழ்ப்பாளில் கை வைத்து அதை விலக்கினாள். படியைத் தாண்டி வெளியே கால் வைத்தாள். அக்கணமே அவன் சாபம் நீங்கி, பசியும் தாகமும் உள்ள சாதாரண மனிதனாகி, குளிரில் நடுங்கிக்கொண்டு அவள் எதிரே நின்றான்."

"பயந்துட்டேன் அத்தே" என்றேன்.

"பேய்க்குத்தானே?"

"பேய்க்குத்தான்."

ஒன்பது வயதில் எனக்குப் பேய்க்கு மட்டும்தான் பயப்படத் தெரிந்திருந்தது. "திறக்கவே இல்லியா" என்று அவள் கேட்டது யாரைப் பற்றி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அத்தை பக்கத்தைத் திருப்பி மறுபடி என் முன்னால் வைத்தாள்.

"இன்னொரு வாட்டி படி" என்றாள். "அந்த ராகத்துலயே படி."