மாமனாரின் பேட்டரி

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் 'தள்ளுக்கா' என்று பெயர். ஈசிஜி எடுப்பதுதான் வேலை. ஆனால் யாருக்காவது நெஞ்சில் ஷாக் கொடுக்கிறார்கள் என்றால் அவளும் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடுவாள். அந்த நேரத்தில் கட்டிலைத் தொட்டுக்கொண்டு நிற்பவருக்கும் ஷாக் அடிக்கும். "தள்ளு! எல்லாரும் தள்ளு!" என்று அவள் போடும் சத்தத்தில் பெரிய டாக்டரே சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார். வீட்டில் மிக்ஸி போடும்போதும் பழக்கதோஷத்தில் அப்படியே கத்துவாள். கணவன் ஹாலுக்கு ஓடிவிடுவான்.

மாமனார் மட்டும் அசைய மாட்டார். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். டீக்குச் சர்க்கரை, டிவிக்குச் சத்தம் என்று தினம் ஒரு சண்டை. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த பிறகு அவருக்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது. "எனக்குள்ள பேட்டரி ஓடுது, என்னைக் கோபப்படுத்தாத" என்று ஒரே போடாகப் போடுவார்.

அவரைச் செக்கப்புக்கு அழைத்து வருவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஈசிஜி மெஷின் அவர் நெஞ்சிலிருக்கும் பேட்டரியை உறிஞ்சிவிடுமாம்.

"அது உள்ளயும் எதையும் அனுப்பாது, வெளியயும் எடுக்காது மாமா. எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்" என்று கெஞ்சிக் கூத்தாடிப் படுக்கவைத்து வயர்களை ஒட்டினாள்.

தாள் வந்தது. பேஸ்மேக்கர் இதயத்தைத் தட்டும்போதெல்லாம் அதில் குச்சி மாதிரி ஒரு கோடு விழவேண்டும். ஒன்றுகூட இல்லை. கிழவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"என் குச்சிங்க எங்க?"

"பயத்துல உங்க இதயம் தானாவே வேகமா ஓடுது மாமா. அதனால பேஸ்மேக்கர் சும்மா உக்காந்திருக்கு. நீங்க அமைதியானா அது வேலைக்கு வந்துரும்."

"பேட்டரி போச்சுன்னு நேரா சொல்லேன்! நான் கிளம்பறேன். செத்தாலும் என் நாற்காலியில உக்காந்து சாவேன்."

வயர்களைப் பிய்க்கப் போனார். இன்று போனால் இந்த மனிதர் தலைகீழாக நின்றாலும் மறுபடி வரமாட்டார். பேட்டரி நிஜமாகவே தீர்ந்தாலும் யாருக்கும் தெரியாது. எப்படியாவது இவரை அமைதிப்படுத்த வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள்.

"நீங்க சொல்றதெல்லாம் சரி மாமா. படுங்க."

"டீயில சர்க்கரை?"

"ரெண்டு ஸ்பூன் போடறேன்."

"டிவி சத்தம்?"

"எவ்வளவு வேணும்னாலும் வச்சுக்கோங்க."

மாமனாரின் முகம் வெளுத்தது. மெஷினில் துடிப்பின் எண் எகிறியது.

"அவ்வளவு மோசமாயிருச்சா?" என்றார் ஈனஸ்வரத்தில். "டாக்டர் கெடு வச்சுட்டாராம்மா? நீ ஒருநாளும் எனக்குச் சரின்னு சொன்னதில்லையே!"

அவளுக்குப் பொறுமை பறந்தது.

"வாய மூடிட்டுப் படுங்க! சர்க்கரையாம் சர்க்கரை! ஒரு துளி கிடையாது. டிவியும் கிடையாது. தெருவே நம்ம வீட்டு நியூஸத்தான் கேக்குது. குளிச்ச துண்ட இனிமே சோபாவுல போட்டுப் பாருங்க, அப்ப இருக்கு உங்களுக்கு!"

மாமனாரின் தோள்கள் தளர்ந்தன. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். எண் மெல்ல இறங்கியது. தாளில் ஒரு குச்சி விழுந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

அவள் அந்தக் குச்சிகளையே பார்த்தாள். மேற்கொண்டு திட்ட வாய் வரவில்லை.

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஏம்மா நிறுத்திட்ட? திட்டு. இப்பதான் உயிரோட இருக்கற மாதிரி இருக்கு."