ரேங்க் கார்டில் ஒரு சொல்

எங்கள் அப்பாவுக்குக் கள்ளக்குறிச்சியில் மண்டி. மலையிலிருந்து கடுக்காய் கொண்டுவருபவர்களில் கரியாலூர்க்காரர் ஒருவர். அவருடைய மகள் ஹாஸ்டலில் தங்கி, ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். என் கணக்கு வீட்டுப்பாடத்தையும் அவள்தான் போட்டுக் கொடுப்பாள்.

ஊருக்குப் போய்வந்த திங்கட்கிழமைகளில் தூக்கில் சாமைச் சோறு கொண்டுவருவாள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது தனியாகச் சாப்பிடுவது அவர்கள் ஊரில் மரியாதைக் குறைவு. ஒருநாள் இங்கிலீஷ் டீச்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நேரே போய், கேட்காமலேயே அவர் டப்பாவில் ஒரு பிடி வைத்துவிட்டாள். அந்தத் தடவை ரேங்க் கார்டில் 'நடத்தை' என்ற கட்டத்தில் டீச்சர் 'அன்கூத்' என்று எழுதினார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கரியாலூர்க்காரர் கார்டோடு மண்டிக்கு வந்தார். பின்னால் மகள் நின்றாள். அப்பாவுக்கும் இங்கிலீஷுக்கும் வெகுதூரம், என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா எழுதியிருக்காங்க, பாப்பா? கொணம் சரியில்லன்னா சொல்லிடு. இப்பவே மலைக்கு இட்டுக்கினு போயிடறன். கல்யாணத்த முடிச்சிடலாம்னு வூட்ல சொல்லிக்கினு இருக்காங்க" என்றார் அவர்.

அந்தச் சொல்லை அகராதியில் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். நாகரிகமற்ற, முரட்டுத்தனமான என்று போட்டிருந்தது. அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசுன்னு போட்டிருக்காங்க. அவள இன்னும் யாருக்கும் சரியா தெரியலையாம்" என்றேன்.

இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் போய்விட்டால் என் கணக்கை யார் போடுவது?

"அவ்ளோதானா! இருக்க இருக்க தெரிஞ்சிக்குவாங்க" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை அவள் என் டப்பா மூடியில் இரண்டு பிடி சோறு வைத்தாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. மலைச் சோற்றை நான் தின்பதை யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று, அவளுக்குத் தெரியாமல் அதைக் குழாயடியில் கொட்டிவிட்டு வந்தேன்.

போன மாதம் என் மகளின் பாடத்தில் அந்தச் சொல் வந்தது. போனில் தேடினேன். பழைய இங்கிலீஷில் அதற்கு 'அறியப்படாத' என்றுதான் பொருளாம். தெரியாதவர்களெல்லாம் நாகரிகமற்றவர்கள் என்று ஆனது பிற்பாடுதானாம். ஆக, நான் சொன்னது பொய்யே இல்லை.

பொய் சொல்லிவிட்டோமே என்று அப்போது பல நாள் பயந்து கிடந்தேன். சோற்றைக் கொட்டியது தப்பு என்று ஒருநாளும் தோன்றவில்லை.