மாமா கடையில் அக்காவின் அப்டேட்

எங்கள் அக்காவுக்கு வேலை பல் ஆஸ்பத்திரி வரவேற்பில், உயிர் லினக்ஸில். அவள் புருஷன், எங்கள் மாமாவுக்கு உயிர் அக்கா. அதனால் அவருடைய ஸ்டிக்கர் கடையின் பழைய கம்ப்யூட்டரை ஓட்டும் சிஸ்டமும் லினக்ஸ்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது. புதிய அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்க்கும் புரோகிராம் நினைத்தபோதெல்லாம் விழித்துக்கொண்டு, இன்டர்நெட்டிலிருந்து அப்டேட் பட்டியல் முழுவதையும் இறக்கும். கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும்; ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் பாதி எழுத்தில் விக்கி நிற்கும்; ஷீட் பாழ்.

"இன்னொரு ஷீட் போச்சுன்னா வேற சிஸ்டம் போட்டுடுவேன், சொல்லிட்டேன்," என்றார் மாமா.

அக்கா விடுவாளா? ஊருக்கெல்லாம் லினக்ஸ் போட்டுக்கொடுத்தவள் சொந்தப் புருஷனிடம் தோற்றால் மானம் என்னாவது! அந்த புரோகிராமைத் தானே புதிதாக எழுதினாள். இது பட்டியலை இறக்காது, "போன தடவைக்கு அப்புறம் ஏதாவது மாறிச்சா?" என்று சர்வரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும். கம்ப்யூட்டர் வேலையாக இருந்தால் அதையும் கேட்காது. கரண்ட் போய் பேட்டரியில் ஓடினாலும் கேட்காது. அத்தனை நாசூக்கு.

அதைப் போட்டதிலிருந்து ஒரு ஷீட்கூடப் பாழாகவில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. டீயில் உப்பைப் போட்டு, அதையும் ரசித்துக் குடித்தாள். "இருக்கறதே தெரியாது, அவ்ளோ லேசு!" என்று பல் பிடுங்க வந்தவர்களிடமெல்லாம் அளந்தாள்.

மாமாதான் கேட்டார். "எல்லாம் சரி. இது ஒரு அப்டேட்கூடச் சொல்லலையே. உயிரோட இருக்கா?"

அக்கா திறந்து பார்த்தாள். புரோகிராம் ஒரு தடவைகூட சர்வரிடம் பேசியிருக்கவில்லை. மேசைக்கடியில் இருந்த யூபிஎஸ்தான் காரணம். அதன் ஒயர் கம்ப்யூட்டரில் சொருகியிருந்தது. புரோகிராமின் கண்ணுக்கு யூபிஎஸ்ஸின் பேட்டரி தெரிந்தது, சார்ஜர் எதுவும் தென்படவில்லை. ஆகவே கரண்ட் இல்லை என்று முடிவுகட்டி, பாவம், புரோகிராம் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கிறது.

"வேலையே செய்யலன்னா லேசாத்தான்க்கா இருக்கும்," என்றேன். அடிக்கக் கை ஓங்கியவள் அப்படியே சிரிக்க ஆரம்பித்து, வெட்டிப்போட்ட ஸ்டிக்கர் குப்பைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

யூபிஎஸ் வேறு, லேப்டாப் பேட்டரி வேறு என்று புரோகிராமுக்குப் புரியவைத்தாள். இனிமேல் அது நிஜமாகவே வேலை செய்யும். மெஷின் விக்குமா என்பதுதான் கேள்வி. அன்றைக்கென்று ஒரு பேருந்துக்கு ஸ்டிக்கர் ஒட்டும் ஆர்டர், கடையில் மிச்சமிருந்ததோ ஒரே ஒரு பெரிய ஸ்டிக்கர் ரோல். மெஷின் ஓட ஓட அக்கா நகத்தைக் கடித்தாள். மாமா நாற்காலியிலேயே உட்காரவில்லை. கடைசி எழுத்தும் முழுசாக வெட்டி முடிந்தது. கம்ப்யூட்டருக்கு வேலை ஓய்ந்தது. சற்று நேரத்தில் திரையின் மூலையில் ஒரு குறி முளைத்தது: மூன்று அப்டேட்கள்.

அக்கா போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் ஓடிவந்தார். அவள் மவுஸை எடுக்கப் போனாள். மாமா அவள் கையைத் தட்டிவிட்டார்.

"தள்ளு. இது என் லினக்ஸு. நான்தான் போடுவேன்."