அரைப்பேர் வாங்கிய வெள்ளைக்காரர்

மாத்தளைக்குக் கடல் கிடையாது. அதனால்தான் ஜெயகாந்த் பல்லேகமப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் உல்லாசப் பாய்ப்படகு விட்டார். கடலில்தான் எல்லாரும் விடுகிறார்களே.

படகைக் கவனிக்க வந்தவர் செபஸ்தியன். எல்கடுவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்றவர். வேலைக்கு அனுப்பியது மனைவி மரிய கொறற்றி. "இந்த மனுசன் வீட்டில இருந்தா என் அடுப்பையும் மேற்பார்வை பாக்குறாரு."

முதல் வெள்ளைக்காரச் சுற்றுலாக் கூட்டம் வந்த காலையில் ஜெயகாந்த் சொல்லிவிட்டார்.

"இவங்களுக்குத் திருப்தி இல்லேன்னா படகை வித்துருவேன் அண்ணே. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

வீடு என்றதும் செபஸ்தியனுக்கு வியர்த்தது.

நடுநீரில் காற்று நின்றது. பாய் நனைந்த வேட்டி மாதிரித் தொங்கியது. பயணிகள் கொட்டாவி விட்டார்கள். செபஸ்தியனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பிரட்டு. தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பது. நிறுத்தினார், பிரித்தார். ஒரு அம்மணிக்குத் தேங்காய் திருவல். இன்னொருவருக்குப் படகு கழுவல். யொஹான் என்ற டச்சுக்காரருக்கு வெங்காயம்.

மாலை கரைக்கு வந்ததும் தீர்ப்பு. மற்றவர்களுக்கெல்லாம் முழுப்பேர், அதாவது முழுநாள் வேலை செய்ததாகப் பதிவு. யொஹானுக்கு அரைப்பேர்; கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் கொடுக்கிற அதே அரைநாள் கணக்கு. விளக்கத்தைக் கேட்டதும் யொஹான் சிவந்துபோனார்.

ஜெயகாந்த் ஓடிவந்தார். "காசு குடுத்து வந்தவருக்கு அரைப்பேரா? முழுசாப் போடுங்கண்ணே, கால்ல விழுறேன்."

"விழுங்க தம்பி. பாதி வெங்காயம் உரிக்காமக் கெடக்கு."

சுத்தமான அறை, நல்ல சாப்பாடு, அளவான காற்று என்று பயணிகளின் திருப்திக்கு அறிஞர்கள் காரணம் அடுக்குவார்கள். மானம் அந்த வரிசையில் இல்லை. யொஹான் மறுநாள் சீகிரியாப் பயணத்தை ரத்துச் செய்துவிட்டுப் படகில் ஏறினார்.

அன்று பிரமாதமான காற்று. அவர் பாயை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கண்ணீர் வழிய உரித்தார். இரக்கப்பட்டு ஜெயகாந்தும் கத்தி எடுத்தார்.

"வைங்க கீழ. அவரு பேரு, அவரு கையாலதான்."

முழுப்பேர் கிடைத்ததும் யொஹான் செபஸ்தியனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் இப்படி ஒரு விடுமுறை கண்டதில்லை என்றார். படகு எப்படி என்று ஜெயகாந்த் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எந்தப் படகு?" என்றார் யொஹான்.

அடுத்த வாரமே ஜெயகாந்த் படகை விற்றார். செபஸ்தியனை வைத்துக்கொண்டார். இப்போது கரையில் ஒரு தகரக் கொட்டகை, மூட்டை மூட்டையாக வெங்காயம். பிரட்டுக்குப் பிந்தி வரும் வெள்ளைக்காரர்களைச் செபஸ்தியன் உள்ளே விடுவதில்லை. அவர்கள் வேலிக்கு வெளியே நின்று கெஞ்சுகிறார்கள்.