ஹெலன்ஸ்பர்க் அர்ச்சனையும் ஓர் அமெரிக்கத் தலைவரும்

மெல்பனிலிருந்து போன மாதம் சிட்னி போனேன். அங்கிருக்கும் ஹெலன்ஸ்பர்க் கோயில் பெருமாளைப் பார்க்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. பென்டில் ஹில்லில் சிவம் அண்ணை, ராணி அக்கா வீட்டில் தங்கினேன். அவர்களுடைய ஒரே மகள் வாணிக்கு அமெரிக்காவில் திங்கட்கிழமை சிசேரியன். அவள் பெயரில் அர்ச்சனை செய்யவேண்டும் என்று அக்காவும் கிளம்பினார்.

அந்த வீடே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. குசினியிலும் ஹாலிலும் ஒரே அமெரிக்கச் செய்திச் சேனல். ஆளில்லாத அறையிலும் யாரோ கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணை அமெரிக்காவுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆனால் அந்தச் சேனல் ஓயாமல் புகழும் தலைவருக்கு அவர் பரம பக்தர். வாணி மற்றக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாள் என்று தெரிந்ததிலிருந்து அவளோடு பேச்சில்லை. இதை அக்கா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். அறுபது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம். காரிலும் அதே சேனல், அண்ணையின் போன் வழியாக. காட்டுப் பகுதியில் சிக்னல் போனது. அப்பாடா என்று நான் சாய்ந்துகொள்ள, சேனல் விட்ட இடத்திலிருந்து அண்ணை தொடர்ந்தார். ஆங்கிலத்தில், அந்த அறிவிப்பாளரின் அதே இழுப்போடு. சிக்னல் திரும்பியபோது இரண்டு குரலும் ஒரே சொல்லில் சேர்ந்தன. தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

சன்னிதியில் அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அண்ணை முதலில் சொன்னது அந்த அமெரிக்கத் தலைவரின் பெயரை. நட்சத்திரத்தைப் பாதத்தோடு ஒரே மூச்சில் சொன்னார். பிறந்த நேரத்தைத் தேடிப் பிடித்துத் தானே கணித்தாராம்!

அக்கா வாணியின் பெயரைச் சொன்னதும், “மகளுக்கு?” என்றார் அர்ச்சகர்.

அண்ணை அக்கா பக்கம் திரும்பினார். “வாணிக்கு என்ன நட்சத்திரம், ராணி?” என்றார்.

அக்கா தன் போனை நீட்டினார். “அவளிட்டயே கேளுங்கோ.”

அண்ணை அதை வாங்கிக்கொண்டு வெளியே போனார். சதயம் என்று சொல்லி அக்கா அர்ச்சனையை முடித்தார். நாங்கள் வாசலுக்கு வந்தபோது போனில் வாணியின் குரல் கேட்டது.

“அப்பா? அப்பா, நீங்களா?”

அண்ணை அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தொண்டையைச் செருமினார். பிறகு ஆங்கிலத்தில் தொடங்கினார், அந்தச் சேனல் அறிவிப்பாளரின் அதே இழுப்போடு. அக்கா ஓடிப்போய் போனைப் பிடுங்குவதற்குள் வாணி வைத்துவிட்டாள்.

போகிறவர்களுக்கு: ரயிலை நம்பாதீர்கள், கார் வேண்டும். பெட்ரோலை முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வீட்டாரின் நட்சத்திரங்கள் நினைவிருக்கட்டும். வழியில் காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. கோயில் வாசலில் நன்றாகக் கிடைக்கும். அன்று அங்கேயும் கிடைக்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.