தம்பியின் காலில் சயனைட்

எங்கள் ஊரில் பிள்ளைகளை மிரட்டப் பேய் பிசாசு எதுவும் தேவைப்படவில்லை. சயனைட் மலை இருந்தது. சயனைட் கலந்து தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டி வளர்த்த சாம்பல் நிற மேடு அது. சுரங்கத்தை மூடிய பிறகும் மேடு அங்கேயே நின்றது. அந்த மண் காயத்தில் பட்டால் ஆள் காலி என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை நாளில் காலி என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அப்பாவும் அம்மாவும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவுதான் திரும்புவார்கள். பாதி ஊரே அப்படித்தான் பிழைத்தது. அதுவரை தம்பி என் பொறுப்பு. என்னைப் போலப் பொறுப்பானவள் யாருமில்லை என்ற நினைப்பு எனக்கு. அந்த நினைப்போடுதான் ஒரு திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவனை மலைக்குக் கூட்டிப்போனேன்.

அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு அதில் உட்கார்ந்து சறுக்கினோம். மூன்றாவது தடவை அட்டை ஒரு பக்கம் போனது, தம்பி ஒரு பக்கம் போனான். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து, சாம்பல் மண் அப்பியிருந்தது. அவன் வலிக்கு அழுதான். நான் அவன் செத்துவிடுவான் என்று அழுதேன்.

"அம்மாகிட்ட சொல்லாத. என்னை அடிச்சே கொன்னுடுவாங்க."

"அப்ப எனக்கு இன்னாக்கா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. நான் எடுத்துடறேன்."

எதை எடுப்பேன் என்று அவன் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மண் போய்விட்டது. ஆனால் சயனைட் உள்ளே இறங்கியிருக்குமே, அதை எப்படி எடுப்பது? காயத்தை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினேன். எனக்கு அப்போது ஜலதோஷம் வேறு. மூக்கைத் துடைத்த அதே விரல்கள்தான். அன்று ரத்தம் மட்டும் வந்தது. அம்மா வருவதற்குள் அவனுக்கு முழுக்கால் பேண்ட் மாட்டித் தூங்கவைத்துவிட்டேன்.

புதன்கிழமை அழுத்தியபோது மஞ்சளாக வந்தது. அப்பாடா என்று இருந்தது. சயனைட் மஞ்சளாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வேறு என்ன நிறம் என்றும் சொன்னதில்லை. வியாழக்கிழமை இன்னும் நிறைய வந்தது. தம்பி துண்டைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் கிடந்தான். பாவம், அவ்வளவு நம்பினான் என்னை.

இன்று நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அந்த மஞ்சளுக்குப் பின்னால் இருந்த கிருமியின் பெயர் ஸ்டஃபைலோகாக்கஸ். மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் கொத்து மாதிரி தெரியும். பலருடைய மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். தோல் உரிந்த இடம் கிடைத்தால் உள்ளே நுழைந்து, ரத்தத்தை உறையவைத்துத் தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். தன்னை அழிக்க வரும் வெள்ளை அணுக்களைக் கொல்ல நஞ்சையும் தானே சுரக்கும். அப்படிச் செத்துக் குவிந்த அணுக்கள்தான் சீழ். அதைப் பிதுக்கினால் கொஞ்சம் வெளியே வரும். மீதி தசைக்குள்ளும் ரத்தத்துக்குள்ளும் போகும். ரத்தத்தில் கலந்தால், வளர்கிற பிள்ளைகளின் எலும்பில் போய்த் தங்கிவிடும். தம்பியின் காலுக்குள் போனது யார் மூக்கிலிருந்து என்று இப்போது நிரூபிக்க முடியாது. எனக்கு நிரூபணம் தேவையும் இல்லை.

வியாழன் சாயங்காலமே அவனுக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டித்தது. கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. கீழே ஊன்ற முடியவில்லை. என்னைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டான். வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் அவன்மேல் போட்டேன். அம்மா வந்து கேட்டதற்கு, விளையாடின களைப்பில் தூங்குகிறான் என்று சொன்னேன். எப்படித்தான் அந்த வாய் வந்ததோ எனக்கு.

மறுநாள் விடிவதற்குள் ரயிலுக்குக் கிளம்பிய அம்மா அவன் நெற்றியைத் தொட்டாள். பிறகு போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள்.

"இன்னாடி ஆச்சு இவனுக்கு?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"மலையில விழுந்துட்டான்மா. சயனைட் உள்ள பூந்துடுச்சு."

அப்பா கோலாருக்கு ஆட்டோ பிடித்தார். சயனைட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஓட்டுநர் இன்னும் வேகமாக ஓட்டினார். நான் தம்பியின் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்று தாமதமானாலும் அவனை உலுக்கினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அவர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"அந்த மண்ணு ஒடம்புக்கு ஆகாது, அது நிஜம். ஆனா இது அதோட வேலை இல்ல. கிருமி எலும்புக்குப் போயிருக்கு. ஆப்பரேஷன் பண்ணிச் சீழை எடுக்கணும்."

'அதோட வேலை இல்ல' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. சயனைட் இல்லை. அப்படியென்றால் என் மேலும் தப்பில்லை. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

தம்பி பிழைத்துக்கொண்டான். இடது கால் மட்டும் ஒரு விரற்கடை குட்டையாக நின்றுவிட்டது. அதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது டாக்டரம்மா காயத்தைச் சுற்றிக் கன்றிப்போயிருந்த விரல் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை அழுத்தினது யாரு?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். வகுப்பில் பதில் தெரிந்தவள் எழுந்து நிற்பதைப் போல நான் முன்னால் வந்து கையைத் தூக்கினேன்.

"நான்தான் டாக்டர். தெனமும் அழுத்தினேன். நெறைய வந்துச்சு."

அம்மா குனிந்து என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தம்பியை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை விடவேயில்லை. விரல்கள் வலித்தன. என்னைப் பாராட்டுகிறாள் என்று நினைத்து அவள்மேல் சாய்ந்துகொண்டேன்.