இரண்டாம் கியரில் போனக்காடு

1998 ஜூன் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, மழையும் பள்ளிக்கூடமும் ஒன்றாகத் தொடங்கிய நாளில், ராஜையன் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினான். திருவனந்தபுரம் விமான நிலையத்து வாசலில் டாக்ஸியை நிறுத்தி, டிக்கியிலிருந்து பெட்டியை இறக்கி, சாவியை மனைவி ஓமனாவின் உள்ளங்கையில் வைத்தான். 1979-ஆம் வருஷத்து ஃபியட். கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை. பன்னிரண்டு வருஷம் தம்பானூர் ஸ்டாண்டில் அவன் ஓட்டிய வண்டி.

“மலைக்கு இது ஏற மாட்டேங்குதே, அத என்ன செய்யணும்னு சொல்லிட்டுப் போங்க” என்றாள் ஓமனா.

“அதுக்குத்தானே பெட்ரோல் வர்ற ஜெட்ட பெருசாக்கிப் போட்டிருக்கு? புகை டெஸ்டுக்குப் போறப்ப கார்புரேட்டர் ஸ்க்ரூவ உள்ள முறுக்கு, பாசாகும். வெளிய வந்ததும் அவுத்து விடு, ஏறும். இதுக்குப் போயி எதுக்கு இத்தற யோசனை?”

“ஊரெல்லாம் கரிப்புகை விட்டுட்டா ஏறணும்?”

“ஏட்டி, உனக்குப் பயமாயிருந்தா ஒரு டிரைவர வச்சுக்கோ. டைப் அடிக்குத விரலு ஸ்டியரிங் பிடிக்குமா?”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்போடுதான் கண்ணாடிக் கதவுக்குள் போனான். ஓமனா கையசைக்கவில்லை.

ஓமனாவுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. பாறசாலைக்காரி. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், டைப்ரைட்டிங் வகுப்பில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவள். கரமனையில் ஒரு டைப் இன்ஸ்டிட்யூட்டில் ஒன்பது வருஷம் சொல்லிக்கொடுத்தாள். கம்ப்யூட்டர் வந்ததும் அது மூடிப்போனது. கணவனிடம் கார் ஓட்டச் சொல்லித்தரக் கேட்டபோது, “கிளட்ச் போயிடும்” என்றான். அவனுக்குத் தெரியாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தாள். பிறகு டாக்ஸி பேட்ஜும் எடுத்தாள். பேட்ஜைப் பார்த்த பிறகு அவன் இரண்டு நாள் பேசவில்லை. அவள் மூன்று நாள் பேசவில்லை.

வண்டிக்கு நிலையான ஓட்டம் ஒன்று இருந்தது. போனக்காடு தேயிலை எஸ்டேட்டுப் பள்ளிக்கூடத்தின் நான்கு டீச்சர்களைத் திங்கள் அதிகாலை தம்பானூரில் ஏற்றி மலைக்குக் கொண்டுவிட வேண்டும். வெள்ளி மாலை இறக்கிக் கொண்டுவர வேண்டும். மற்ற நாட்களில் கிடைத்த சவாரி. அந்தத் திங்களும் வெள்ளியும் கையை விட்டுப் போனால், ஸ்டாண்டில் ஒரு பெண் ஓட்டும் டாக்ஸிக்கு வேறு யாரும் வரிசையில் நின்று ஏறப்போவதில்லை. அது ஓமனாவுக்கு நன்றாகவே தெரியும். ஜீப்காரன் கோலப்பனுக்கும் தெரியும்.

விதுரை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஃபியட் முதல் கியருக்கு இறங்கி முனகும். மூன்றாவது வளைவில் அதுவும் போதாமல் நிற்கும். டீச்சர்கள் குடையோடு இறங்கித் தள்ளுவார்கள். பின்னாலிருந்து கரிப்புகை வந்து அவர்களுடைய புடவையில் படியும். அந்த நேரம் பார்த்து கோலப்பனின் ஜீப் ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போகும்.

“சேச்சி, அடுப்புல ஈர விறகு வச்சிட்டியளா?” என்று கத்துவான்.

“போலே, உன் சோலியப் பாரு!”

ஆகஸ்டில் வண்டிக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புகை சர்டிபிகேட் வேண்டும். கிழக்கேகோட்டை அருகில் புகை பரிசோதனைக் கடை வைத்திருந்த மஹேஷ், சைலன்ஸருக்குள் குழாயை விட்டு மெஷினைப் பார்த்தான். கார்பன் மோனாக்ஸைடு மூன்று சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மெஷின் ஆறு புள்ளி எட்டு காட்டியது. மஹேஷ் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பானெட்டைத் திறந்து, கார்புரேட்டர் ஸ்க்ரூவை முறுக்கினான். எஞ்சின் இருமியது. மெஷின் இரண்டு புள்ளி ஒன்பதுக்கு இறங்கியது. அவன் சர்டிபிகேட்டை எழுதினான்.

“அந்த வளைவு தாண்டி அவுத்து விட்டுக்கோங்கோ மாமி. எல்லாரும் அங்கதான் நிறுத்துவா.”

உண்மைதான். வளைவு தாண்டி ஏற்கெனவே மூன்று வண்டிகள் பானெட்டைத் திறந்து நின்றுகொண்டிருந்தன. மூன்று ஆண்கள், மூன்று ஸ்க்ரூ டிரைவர்கள். ஒருவன் அவளுக்கும் இடம் விட்டு ஒதுங்கினான். ஓமனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை நிறுத்தாமல் வீட்டுக்கு ஓட்டினாள். ஸ்க்ரூவை அவிழ்க்கவே இல்லை.

அந்த வீம்புக்கு அடுத்த திங்கட்கிழமை பலன் கிடைத்தது. மூச்சு முட்டிய ஃபியட் முதல் வளைவிலேயே படுத்துவிட்டது. நல்ல மழை. தலைமை ஆசிரியை ஜெஸி டீச்சர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு கிலோமீட்டர் நடந்தார். வெள்ளிக்கிழமை அவர் இறங்கி வந்தபோது கணுக்காலில் அட்டை கடித்த தடங்கள் வரிசையாக இருந்தன.

“ஓமனா, உன்மேல எனக்குத் தேஷ்யமோ கோவமோ ஒண்ணும் இல்ல. ஆனா ஓணம் லீவு முடிஞ்சு வர்றப்ப இந்த வண்டி ஏறலேன்னா நாங்க கோலப்பன் ஜீப்புக்கு மாறுகோம், கேட்டோ.”

“புகை விடாம ஏறணும் டீச்சர். ரெண்டும் சேந்து நடக்கணும்.”

“எனக்கு ஏறினா மதி, அது போதும்.”

ஓணம் லீவு முடிய மூன்றரை வாரம் இருந்தது.

சாலையில் எல்லோரும் வைத்திருந்தது இரண்டு வழிதான்: புகைவிட்டு ஏறு, இல்லையென்றால் பாசாகி நில். இரண்டும் ஒரே ஸ்க்ரூவில் இருப்பதாக ஊரே நம்பியது. இந்த வண்டி புதிதாக வந்த நாளில் புகையில்லாமல் மலை ஏறியிருக்கும்தானே என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஓமனாவுக்குத் தோன்றியது. கோபத்தில்தான் தோன்றியது. முன்சீட்டுக்கு அடியில் எண்ணெய்க் கறையோடு கிடந்த வண்டியின் கையேட்டை எடுத்து, டைப் செய்யப் போகும் தாளைப் படிப்பதுபோல் வரிவரியாகப் படித்தாள். பிறகு பானெட்டைத் திறந்து வைத்து, படத்தில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் எஞ்சினில் தேடினாள்.

ஒரு சாமான் இல்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில், ஒரு மூடிக்குள், உள்ளங்கையில் அடங்கும் வால்வு ஒன்று இருக்க வேண்டும். எஞ்சின் சூடாகும்வரை அது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. தெர்மோஸ்டாட். மூடி இருந்தது, உள்ளே காலி. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் வெதுவெதுப்பு, கை சுடவில்லை.

மெக்கானிக் வேல்சாமியின் ஒர்க்‌ஷாப் ஆற்றுகாலில் இருந்தது. ராஜையனின் சிநேகிதன், அவளை மைனி என்று கூப்பிடுகிறவன்.

“தெர்மோஸ்டாட் எங்க, வேல்சாமி?”

“அது எதுக்கு மைனி? அது குளிரு நாட்டுக்கு உள்ளதுல்லா. நம்ம ஊரு சூட்டுக்கு அத முதல்லயே உருவித் தூரப் போட்டிருவோம். எல்லா வண்டியிலயும் அப்படித்தான். அண்ணன்தானே களையச் சொன்னாரு.”

“எஞ்சின் சூடாகவே மாட்டேங்குது. பச்சத்தண்ணியா கிடக்கு. பெட்ரோல் பாதி எரியாம புகையா போகுது. அதனால இழுவை இல்ல. இழுவை இல்லேன்னு ஜெட்ட குடைஞ்சு பெருசாக்கினீங்க. இன்னும் பெட்ரோல், இன்னும் கரி. அந்தக் கரி சைலன்ஸர அடச்சுது. இழுவை இன்னும் போச்சு. அப்புறம் ஸ்க்ரூ! வேல்சாமி, பத்து வருஷமா நீங்க ரெண்டு பேரும் இந்த வண்டிய கழுத்த நெரிச்சிருக்கீங்க!”

“மைனி, பையப் பேசுங்க, கஸ்டமர் நிக்காவ.”

“நிக்கட்டும்! அவங்க வண்டியிலயும் தெர்மோஸ்டாட் இருக்கான்னு பாக்கட்டும்!”

சாலைக் கடைத்தெருவில் உதிரிபாகக் கடை வைத்திருந்த நாகேஸ்வரன் பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். தூசியை ஊதினார்.

“இத எடுத்துப் போடுறவங்கதான் உண்டு. கேட்டு வந்த முத ஆளு நீதாம்மா.”

வேல்சாமி எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்றான். ஓமனா விடவில்லை. ஒரு வேலை முடிந்ததும் ஓட்டிச் சூடாக்கி மஹேஷின் மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும், எண்ணைப் பார்க்க வேண்டும், பிறகுதான் அடுத்த வேலை. மஹேஷ் முறுக்கிய ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தாள், அதற்குமேல் அதை யாரும் தொடக் கூடாது. தெர்மோஸ்டாட் போட்டதும் ஆறு புள்ளி எட்டு ஐந்து புள்ளி இரண்டாயிற்று. குடையாத பழைய அளவு ஜெட் போட்டதும் மூன்று புள்ளி மூன்று. எஞ்சின் வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, அவற்றைத் திறக்கும் டாப்பெட்டுகளின் இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி வைத்து, புது சைலன்ஸர் மாட்டியபோது ஒன்று புள்ளி ஒன்பது.

மஹேஷ் மெஷினைத் தட்டிப் பார்த்தான். “மாமி, மெஷின் கேடாயிடுத்தோ?”

“உன் மெஷின்தான் இந்த ஊர்ல பொய் சொல்லாத ஒரே ஆளு. எழுது.”

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ஆர்ஷாவிடம் நகப்பாலிஷ் வாங்கி, ஸ்க்ரூவின் தலைமேல் தடித்து ஊற்றினாள். யாராவது திருப்பினால் சிவப்பு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

ஓணம் முடிந்த திங்கட்கிழமை நான்கு டீச்சர்களும் குடையும் பையுமாக ஏறினார்கள். ஜெஸி டீச்சர் பழைய செருப்பு போட்டு வந்திருந்தார், நடக்கத் தயாராக. விதுரை தாண்டியது. முதல் வளைவு. மூன்றாவது வளைவு. ஓமனா கியரை இரண்டிலேயே வைத்திருந்தாள். வண்டி முனகவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்: ஈரமான சாலை தெரிந்தது, புகை இல்லை. எஸ்டேட் வாசலில் இறங்கியபோது ஜெஸி டீச்சர், “கொள்ளாம், நல்லாருக்கு” என்று மட்டும் சொன்னார்.

கோலப்பன் அங்கே ஜீப்பில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். ஃபியட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

“என்ன இருந்தாலும் ராஜையண்ணன் பணி செஞ்ச எஞ்சினல்லே! கை வச்சா சும்மாவா?”

ஓமனா கதவை அறைந்து சாத்தினாள். மலை இறங்கும்வரை அவள் தாடை வலித்தது.

அன்றோடு அது நிற்கவில்லை. வேல்சாமியின் ஒர்க்‌ஷாப்புக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ‘ஃபியட்டுக்குப் புகை இல்லாம பவர் ஏத்துகவன்’ என்று பெயர் வாங்கினான். வாசலில் போர்டும் வைத்தான். சந்தேகம் வந்தால் மட்டும் மைனிக்கு ஃபோன் செய்வான். அவள் திட்டிவிட்டுத்தான் பதில் சொல்வாள். சொல்லாமல் விட்டால் இன்னொரு எஞ்சினின் கழுத்து நெரிபடும். ஸ்டாண்டில் அவள் பக்கத்தில் நிற்கும் டிரைவர்கள் அடுத்த ஐந்தாறு வருஷமும் அதை ராஜையன் வண்டி என்றே சொன்னார்கள். அவள் ஒவ்வொரு முறையும் திருத்தினாள். ஒருமுறையும் விட்டுக்கொடுக்கவில்லை.

ராஜையனிடமிருந்து முதல் வருஷம் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒன்று. பிறகு அதுவும் இல்லை.

2004 பிப்ரவரியில், டீச்சர்களை இறக்கிவிட்டு எஸ்டேட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய புது மொபைலுக்கு வெளிநாட்டு எண்ணிலிருந்து இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தமிழ்ச் செய்தி, நான்கு துண்டாக வந்தது:

“ராஜையன். நம்பர் கோலப்பன் தந்தான். ஃபியட் இப்பவும் நாலு டீச்சரோட மலை ஏறுகுன்னு சொன்னான். இங்க எனக்கு ஒரு பழைய பிக்கப். கேம்ப் மலை மேல. ஏறல்ல. ஜெட் பெருசாக்கியாச்சு, ஸ்க்ரூ அவுத்தாச்சு, கரிப்புகைதான் வருது. செக்கிங்கில பிடிச்சா வேலை போகும். நம்ம வண்டியில வேல்சாமி என்ன பணி செய்தான்னு அவன்ட்ட கேட்டு எழுது. உனக்குப் புரியாது, அவன் சொல்லுகத அப்படியே டைப் பண்ணி அனுப்பினா மதி.”